அளவுக்காரியின் ஸ்டூல்

செருப்புப் பகுதிப் பெரியக்காவை யாராவது பாராட்டினால் அவள் முகம் சுண்டிப்போகும். "உங்க கை பட்டாலே பாதி வலி போயிடுதும்மா" என்று ஒரு வாடிக்கையாளர் மனசாரச் சொல்லிவிட்டுப் போவார். வேறு யாராக இருந்தாலும் அன்று முழுவதும் கால் தரையில் பாவாது. பெரியக்காவோ திருட்டுப் பொருளோடு பிடிபட்டவள்போலச் சட்டென்று திரும்பிப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கிவிடுவாள். தன்னடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கைப்பக்குவத்தை யார் கொடுத்தார்கள், கொடுத்தவளுக்கு என்ன கைம்மாறு செய்தோம் என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

அந்தக் கடைக்கு வந்தபோது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் போனால் வாசலில் பூட்டுத் தொங்கியது. வீட்டுக்காரர் பஸ் பணிமனையில் மெக்கானிக். மகள் படித்துக்கொண்டிருந்தாள். "ஒருத்தன் சம்பளத்துல வண்டி ஓடும், மேடு வந்தா திணறும்" என்றார் வீட்டுக்காரர். மேடு வருவதற்குள் வேலை தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

கடை நாலு மாடி. கீழே பாத்திரமும் பீங்கானும், முதல் மாடியில் செருப்பும் பையும், அதற்கு மேல் துணிமணி, உச்சியில் கட்டில் மெத்தை. இரும்புக் கிராதியை இழுத்துச் சாத்தினால்தான் கிளம்பும் லிஃப்ட். அதற்கென்று ஒரு லிஃப்ட்காரர். புதிதாக முளைத்த கடைகளில் ஜனங்கள் தாங்களே எடுத்து, தாங்களே போட்டுப் பார்த்து, தாங்களே பையில் திணித்துக்கொண்டு போனார்கள். இங்கே மட்டும் வந்தவரை உட்கார வைத்து, விற்கிறவர் எதிரே ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, அதன் முன்சரிவில் அவர் காலைத் தூக்கி வைத்து, குனிந்து மாட்டிவிட வேண்டும். அது முதலாளியின் பிடிவாதம். "செருப்பை எங்க வேணும்னாலும் விப்பாங்க. குனியறதுக்கு நம்ம கடைக்குத்தான் வரணும்" என்பார்.

சூப்பர்வைசர் பெரியக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லேடீஸ் செருப்புல ஆள் கம்மி. போய் நில்லுங்க" என்றார். அங்கே இருந்த பெண்களில் அவள்தான் மூத்தவள் என்பதால் போன உடனே பெரியக்கா என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்தப் பகுதிக்குத் தலைவி அளவுக்காரி. முப்பதைக்கூடத் தொடாதவள். ஒல்லியான உடம்பு, குட்டையாக வெட்டிய நகம். படிக்கட்டை ஒட்டி இருந்த முன் ஸ்டூல் அவளுடையது; ஏறி வருகிறவர்கள் முதலில் அவளைத்தான் பார்ப்பார்கள். மற்றவர்கள் எல்லாம் அளவுப் பலகையில் காலை வைத்து எண் பார்ப்பார்கள். அவள் பலகையைத் தொட்டதே கிடையாது. பாதத்தை இரண்டு கையிலும் ஏந்தி ஒரு நிமிஷம் சும்மா இருப்பாள். பிறகு ஏணியில் ஏறி ஒரே ஒரு பெட்டியோடு இறங்குவாள். அது பொருந்தும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

முதல் நாள் பெரியக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊரான் பாதத்தைத் தொட வேண்டியிருக்கிறதே என்று விரல் நுனியால் பிடித்தாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா, அது கால். அடுப்பிலிருந்து இறக்கின சட்டி இல்ல. முழுக் கையில புடிங்க."

பத்து வயசுக்கு மேல் இளையவள், அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே அதட்டினாள். பெரியக்காவுக்கு முகம் சிவந்தது. வீட்டுக்குப் போய் அழுதாள். வீட்டுக்காரர் ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். "நான் இத்தனை வருஷமா பஸ்ஸுக்கு அடியிலதான் படுத்துக் கெடக்கேன். மேல உக்காந்திருக்கிறவனுக்கு என்ன தெரியும்? கோளாறு எங்கன்னு அடியில இருக்கிறவனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள்.

அளவுக்காரி கற்றுக்கொடுத்ததில் பாதி சாதாரண வேலை. மாலையில் பாதம் வீங்கியிருக்கும், காலையில் வாங்கினால் கடிக்கும். குதிகாலைப் பித்தளைத் தகட்டை வைத்துச் செருப்புக்குள் வழுக்கிவிடும்போது பேச்சுக் கொடுத்தால் விரலை மடக்கிக்கொள்ள மாட்டார்கள். பிடிக்காத செருப்பைப் போட்டால் வாய் நல்லா இருக்கு என்று சொல்லும், கட்டைவிரல் மேலே தூக்கிக்கொள்ளும். மீதிப் பாதியை என்னவென்று சொல்வது என்று பெரியக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

"கையில வாங்கினதும் எதையும் நெனைக்காதீங்க அக்கா. பேசாம இருங்க. அது பேசும்."

"கால் பேசுமா?"

"நாம பேசாம இருந்தா பேசும். நம்மளால இருக்க முடியறதில்ல, அதான் பிரச்சனை."

சும்மா கதை விடுகிறாள் என்றுதான் பெரியக்கா நினைத்தாள். வெகுநாள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மதியம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்து உட்கார்ந்தாள். பெரியக்கா அசதியில் இருந்தாள், நினைப்பதற்குக்கூடத் தெம்பில்லை. பாதத்தை ஏந்தியபடி அப்படியே இருந்துவிட்டாள். அப்போது உள்ளங்கைக்குள் மரப்படிகள் ஏறி இறங்கின. மேலே ஓர் அறை. யாரோ படுத்திருக்கிறார்கள். கதவுப் பக்கம் வரும்போதெல்லாம் இந்தப் பாதம் விரலை ஊன்றி, குதியைத் தூக்கி நடக்கிறது. கண்ணில் எதுவும் தெரியவில்லை, காதிலும் விழவில்லை, கைக்குத் தெரிந்தது. பெரியக்கா ஏணியில் ஏறி, குதி இல்லாத, அடியில் மெத்தென்று ரப்பர் வைத்த ஒரு ஜோடியை எடுத்து வந்தாள்.

டீச்சர் போட்டு நடந்து பார்த்தாள். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. "சத்தம் வராத செருப்பு வேணும்னு நான் சொல்லவே இல்லையே. எங்கம்மா இப்பத்தான் கொஞ்சம் தூங்க ஆரம்பிச்சிருக்காங்க" என்றாள்.

பெரியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அளவுக்காரி அந்தப் பக்கம் யாருக்கோ வார் மாட்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு தரம் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காக அடுத்த ஒரு வருஷம் பெரியக்கா மாடு மாதிரி உழைத்தாள்.

வீட்டில் வீட்டுக்காரரின் காலைப் பிடித்துப் பழகினாள். "ஊர்க் காலையெல்லாம் புடிச்சு முடிச்சு, கடைசியா என் நெனப்பு வந்துச்சா?" என்று கிண்டல் செய்தவர், அவள் நிதானமாக, "அந்தப் பழைய ஸ்கூட்டரைப் பார்க்க இன்னைக்கும் போனீங்களா? வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல" என்றதும் காலை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டுக்குள் சாக்ஸ் போட்டு நடந்தார்.

அளவுக்காரிக்கு இதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. "கால் சொல்றது நமக்கு மட்டும். அதுக்கு ஏத்த செருப்பைக் குடுக்கலாம், வெளிய சொல்லக் கூடாது. ஆனா நோவு தெரிஞ்சா மறைக்கக் கூடாது. அதை மட்டும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும்." சொன்னதோடு நிற்கவில்லை. ஒருமுறை பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அம்மா ஒருத்தி ஆசையாக ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்தபோது, அளவுக்காரி பெட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டாள். "செருப்பு எங்கயும் ஓடாது. முதல்ல இந்தக் கணுக்காலை டாக்டர்கிட்ட காட்டுங்க. இன்னைக்கே." வந்த வியாபாரத்தைத் துரத்துகிறாள் என்று சூப்பர்வைசர் குதித்தார். அந்த அம்மா ஒரு மாதம் கழித்து வந்து அளவுக்காரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இப்படி இருந்த உறவில் விரிசல் விழுந்தது முதலாளியம்மாவால். அவர் காலுக்குச் செருப்பு கிடைப்பது குதிரைக் கொம்பு. கட்டைவிரல் மூட்டு புடைத்து, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அளவுக்காரிதான் எப்போதும் பார்ப்பாள். அந்தமுறை அவள் கொண்டுவந்த ஜோடி பொருந்தவில்லை. இன்னொன்று கொண்டுவந்தாள், அதுவும் இறுக்கியது. அவள் நெற்றியில் வியர்வை. முதலாளியம்மா முகத்தைச் சுளித்தார். பெரியக்கா பக்கத்தில் நின்றவள், "நான் பார்க்கட்டுமாம்மா?" என்று கேட்டு உட்கார்ந்தாள். கொண்டுவந்த முதல் பெட்டியே பொருந்திவிட்டது.

"அட, இந்தக் கை யாரு? இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார் முதலாளியம்மா.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் படிக்கட்டில் பெரியக்காவை நிறுத்தினார். "அந்தப் பொண்ணு இப்பல்லாம் ரொம்பத் தடுமாறுது. ஸ்கூல் சீசன் முடியட்டும். முன் ஸ்டூலைப் பத்தி யோசிக்கச் சொல்லி மேலிடத்துல பேச்சு. உங்க பேர் அடிபடுது."

பெரியக்கா, "ஐயோ, அவ இருக்கும்போது நானா?" என்று வாயால் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது அந்த முன் ஸ்டூலில் தான் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து எதிலும் அவள் முன்னால் உட்கார்ந்ததில்லை. தொழிற்சாலையில்கூடக் கடைசி வரிசை. நினைத்துப் பார்ப்பதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பள்ளி திறக்கிற சமயம் வந்தது. கடை திமிலோகப்பட்டது. அப்படி ஒருநாள், சாப்பாட்டு வேளையில் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது அளவுக்காரி வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அதில் உட்கார்ந்து பெரியக்கா பார்த்ததே இல்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் வாங்க. என் காலைக் கொஞ்சம் புடிச்சுப் பாருங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். தரையில நடக்கிறப்போ பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு. ஒருவேளை அசதியோ என்னவோ. என் காலை நானே கேட்க முடியல."

பெரியக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பாதத்தை ஏந்தினாள். சுத்தமான, அழகான பாதம். பேசாமல் இருந்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் இருந்தாள். இதுவரை தொட்ட கால்களில் வாய் ஓயாத கால் உண்டு, முனகுகிற கால் உண்டு, கோபித்துக்கொண்ட கால்கூட உண்டு. இப்படி ஒன்றைத் தொட்டதில்லை. ஆள் போய்விட்ட வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. நகத்தால் உள்ளங்காலை அழுத்தினாள். அளவுக்காரிக்கு அது தெரியவில்லை. அவள் பெரியக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியக்காவுக்குப் புரிந்துவிட்டது. நோவு சாதாரண நோவு இல்லை, இந்தக் கால் போய்க்கொண்டிருக்கிறது என்று கை சொன்னது.

அந்த நொடியில்தான் அது நடந்தது. முதலில் பயம் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. நெஞ்சின் ஏதோ ஒரு மூலையில் சில்லென்று ஒரு சந்தோஷம் வந்தது. அப்படியானால் அந்த ஸ்டூல் எனக்குத்தான். ஒரு கண்ணிமைப்புதான். அடுத்த கணமே, சீ, நான் மனுஷிதானா என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அந்த நாக்கு அதற்குள் பேசிவிட்டிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. நின்னு நின்னு கால் மரத்துப் போயிருக்கு. சீசன் முடியட்டும், எல்லாம் சரியாயிடும்."

"அப்படியா சொல்லுது?"

"ஆமா."

அளவுக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு, "நல்லவேளை" என்று எழுந்து போனாள்.

அன்றிலிருந்து பெரியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். நாளைக்குக் கூட்டமாக இருக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் அளவுக்காரி சிரித்த முகமாக இருப்பாள்; இப்போது போய்ச் சொன்னால், அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பாளே. நான் என்ன டாக்டரா, என் கைக்குத் தெரிந்தது தப்பாகவும் இருக்கலாமே என்று ஒரு நாள் தேற்றிக்கொண்டாள். தப்பில்லை என்று அவளுக்கே தெரியும். இப்படியே தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு நாள் ஓடியது.

ஒருநாள் மாலை, கடை கொள்ளாத கூட்டம். சீருடை ஷூவுக்காக அம்மாவோடு வந்திருந்த ஒரு சின்னப் பெண் தரையைக் காட்டி, "அம்மா, இங்க பாரு, சிவப்பு ஸ்டாம்ப் அடிச்சு வெச்சிருக்காங்க" என்றது. படிக்கட்டிலிருந்து ஏணி வரை, ஏணியிலிருந்து நாற்காலி வரை, மறுபடி ஏணி வரை தரையெல்லாம் சிவப்புத் திட்டுகள்.

அளவுக்காரிதான் முதலில் பதறினாள். "ஐயோ, யாருக்கோ அடிபட்டிருக்கு. யாரும்மா அது? எல்லாரும் காலைப் பாருங்க!" என்று குனிந்து குனிந்து ஒவ்வொரு பிள்ளையின் காலாகத் தேடினாள். அவள் போகிற இடமெல்லாம் ஸ்டாம்ப் விழுந்துகொண்டே வந்தது.

பெரியக்கா அசையாமல் நின்றாள். "அம்மா, நீ உக்காரு" என்று அளவுக்காரியிடம் சொல்லத்தான் குரல் வந்தது. அளவுக்காரி தன் செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாக அதன்மேல் நடந்தாளோ. வலி தெரியவே இல்லை.

சர்க்கரை. வெகுநாளாக இருந்திருக்கிறது, பார்க்காமல் விட்டிருக்கிறார்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். புண் ஆறவில்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முன்பாதத்தில் பாதியையும் எடுத்தார்கள்.

அவளுடைய அண்ணன் கடைக்கு வந்து தகவல் சொன்னார். பெரியக்காவைத் தேடி வந்து கும்பிட்டார். "உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேசுவா. தனக்கப்புறம் அந்தக் கை உங்களுக்குத்தான் வாய்ச்சிருக்குன்னு. ஒருதடவை வந்து பாருங்கம்மா, உங்களைப் பார்த்தா தெம்பா இருக்கும்." பெரியக்கா தலையாட்டினாள். பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வரை போனாள். உள்ளே போகக் கால் வரவில்லை. பழத்தை வாசலில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பாட்டியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். மறுபடியும் போனாள், மறுபடியும் அதே வாசல், அதே திரும்பல்.

முன் ஸ்டூல் வந்தது. கேட்காமலே வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்; சூப்பர்வைசர், "அவங்களுக்காக இடத்தைக் காலியா வெச்சா கடை ஓடுமா?" என்றார். உட்கார்ந்தாள். பாவம் செய்த கை, இனிமேல் ஒன்றும் கேட்காது என்றுதான் எதிர்பார்த்தாள். கேட்காமல் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நடந்தது நேர்மாறு. எல்லாக் கால்களும் அவளிடம் கொட்டித் தீர்த்தன. தொட்ட மாத்திரத்தில் கொட்டின. இந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போகப் போகிறாள், இந்த அம்மா யாருக்கும் தெரியாமல் நடனம் கற்றுக்கொள்கிறாள், இந்தக் கிழவிக்கு முழங்காலில் நீர். நோவு என்று பட்டால் அங்கேயே மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவாள், ஒருவரையும் விடவில்லை. பேர் பரவியது. தூரத்திலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். ஒவ்வொரு நன்றியும் அவளுக்கு ஓர் அறை மாதிரி விழுந்தது.

ஒருநாள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தைக்கூட மறைக்கவில்லை. அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார். "என் கால் நல்லாத்தான இருக்கு."

அதற்குமேல் அவளால் தள்ளிப்போட முடியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஆனால் அதற்கு முன்பே அளவுக்காரி கடைக்கு வந்துவிட்டாள்.

லிஃப்ட்காரர்தான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். முகம் இளைத்துக் கறுத்திருந்தது. பெண்கள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் எல்லோரிடமும் பேசிவிட்டு, நேராக வந்து பெரியக்காவின் எதிரே வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"செருப்பு வாங்கத்தான் வந்தேன் அக்கா. ஆஸ்பத்திரியில குடுத்தது நாய் கவ்வின மாதிரி இருக்கு."

பெரியக்கா கட்டுத் துணியைப் பிரித்தாள். குட்டையாகிப்போன அந்தப் பாதத்தை இரண்டு கையிலும் ஏந்தியபோது அவள் தலை தானாகக் குனிந்துவிட்டது. கண்ணீர் அந்தக் காலின்மேலேயே விழுந்தது.

"அன்னைக்கு நான் உங்கிட்ட பொய் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது. கையில பட்டதும் தெரிஞ்சது. இந்த ஸ்டூலுக்கு ஆசைப்பட்டுட்டேன்."

சொல்லி முடித்துவிட்டாள். திட்டட்டும், கோலால் அடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அளவுக்காரி ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.

"தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டே இருப்பாங்க. அதனால எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். டாக்டர்கிட்ட போக பயம். 'ஒண்ணுமில்ல'ன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும் போல இருந்துச்சு. உண்மையைக் கேட்கிறதா இருந்தா லிஃப்ட்காரர்கிட்ட கேட்டிருப்பேன். அவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது, ஒரு பார்வை பார்த்தே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பாரு." அவள் சிரிக்கவில்லை. "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க இந்த ஸ்டூலைப் பார்க்கிறதை நான் பார்த்திருக்கேன்."

அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பெரியக்காவுக்கு. தன் பொய்யை இன்னொருத்தி முன்கூட்டியே அளந்து, பொருந்தும் என்று எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அப்போ என்னை மன்னிச்சுட்டியா?"

"அப்படியெல்லாம் நெனைச்சுக்காதீங்க. நான் கேட்டது என் தப்பு. நீங்க சொன்னது உங்க தப்பு. என் தப்புக்கு நான் பாதிக் காலைக் குடுத்துட்டேன். உங்களோடதுக்கு என்ன செய்யறதுன்னு நீங்கதான் பார்த்துக்கணும்." குனிந்து தன் காலைப் பார்த்து, "இறுக்கிப் புடிக்காதீங்க அக்கா. வலிக்கல, ஆனா புடிக்கத் தெரியாதவங்க மாதிரி இருக்கு" என்றாள்.

பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். ஒரு காலுக்கு ஓர் அளவு, மறு காலுக்கு வேறு அளவு. இரண்டு ஜோடிகளைப் பிரித்தாள். கடையில் செருப்புத் தைக்கிறவரை மேலே வரவழைத்து, குட்டைப் பாதத்தின் முன்பக்கத்துக்கு மெத்தை வைத்து, உள்ளே ஒரு தையல்கூட உரசாமல் தோலை மடித்துத் தைக்கச் சொல்லி, அவர் முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். "ஜோடியைப் பிரிச்சா மிச்சம் ரெண்டையும் யார் தலையில கட்டுறது?" என்று சூப்பர்வைசர் கத்தினார். "என் தலையில கட்டுங்க" என்றாள். முதல்முறையாக அவரை எதிர்த்துப் பேசினாள்.

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போனாள். உள்ளதை உள்ளபடி சொல்லி, முன் ஸ்டூலை அளவுக்காரிக்கே திருப்பிக் கொடுங்கள் என்றாள். முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணால இனிமே ஏணி ஏற முடியாதேம்மா" என்றார். பிறகு, "உட்கார்ந்து செய்யற வேலைன்னா கல்லாவுல இருக்கு. வருவாளான்னு கேளுங்க" என்றார்.

அளவுக்காரி வந்தாள். பெரியக்காவுக்காக வரவில்லை, அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அவளுக்குப் பிடிக்கவில்லை. செருப்புப் பகுதிக் கல்லா ஒரு மேடைமேல் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் முன் ஸ்டூல் நேராகத் தெரியும். பெரியக்கா யாருடைய காலைத் தூக்கி வைத்தாலும் முதுகில் அந்தப் பார்வை இருக்கும். பெட்டி எடுக்க ஏணியில் ஏறும்போது கல்லாவைப் பார்ப்பாள். அளவுக்காரி கண்ணை மூடித் திறந்தால் சரி. உதட்டைப் பிதுக்கினால் அந்தப் பெட்டி வேண்டாம், வேறு பார். தொடாமலே, அத்தனை தூரத்திலிருந்தே அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று பெரியக்கா கேட்டதில்லை. கேட்கிற உரிமை போய்விட்டதாக நினைத்தாள்.

இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். சேர்ந்துதான் பஸ் ஏறினார்கள். மற்ற பெண்கள் அவர்களை அக்கா தங்கை மாதிரி என்று சொன்னார்கள். அந்த நாளைப் பற்றி அளவுக்காரி அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியக்கா எப்போதாவது ஆரம்பித்தால், "அந்தக் குழம்பை இப்படித் தள்ளுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவாள். நன்றாக இருந்தாள், சிரித்தாள், ஆனால் ஒருமுறைகூட மறுபடி தன் காலைப் பெரியக்காவின் கையில் கொடுக்கவில்லை. செருப்பு தேய்ந்தால் தைக்கிறவரிடம் தானே போய்விடுவாள்.

மகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். "நீ இனிமே வேலைக்குப் போக வேண்டாம்மா" என்றாள். வீட்டுக்காரரும் ஓய்வு பெற்று, கடைசியில் அந்தப் பழைய ஸ்கூட்டரை வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியக்கா மகள் பேச்சைக் கேட்கவில்லை. போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

சென்ற வாரம்கூட பஸ்ஸுக்காக நிற்கும்போது அளவுக்காரி சொன்னாள்: "மதியம் அந்தக் கறுப்புப் பை வெச்சிருந்த அம்மாவுக்கு நீங்க குடுத்தது தப்பு. அவங்க ஊருக்குக் கிளம்பறவங்க இல்ல. திரும்பி வந்தவங்க. கேட்காம விட்டுட்டீங்க."

"அவசரத்துல இருந்துட்டேன்."

"அவசரத்துல இருந்தா ஸ்டூல்ல உக்காரக் கூடாது."

"சரிம்மா. நாளைக்கு அவங்களைத் தேடிப் புடிச்சு மாத்திக் குடுத்துடறேன்."

"தேடிப் புடிக்க வேணாம். நாளன்னைக்கு அவங்களே வருவாங்க. அப்போ சும்மா இருந்து கேளுங்க."

திட்டு வாங்குகிற அன்றைக்குத்தான் பெரியக்காவுக்கு நன்றாகத் தூக்கம் வரும். பஸ் வந்தது. அளவுக்காரி கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, மெதுவாக ஏறினாள். பெரியக்கா இரண்டு பேருடைய பைகளையும் ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மறு கையை அவள் முதுகுக்குப் பின்னால் தொடாமல் நீட்டியபடி, கீழே நின்றாள். பின்னால் இருந்தவர்கள், "ஏறும்மா, ஏறும்மா" என்று அவசரப்படுத்தினார்கள். "அவ ஏறட்டும்" என்றாள் பெரியக்கா.